ஷீனா கொண்டுவந்த கம்பு

வெந்துகொண்டிருந்த மரச்சீனியில் வெடிமருந்து வாசம் அடித்தது.

ஷீனா அடுக்களை வாசலிலேயே நின்றாள். வெளியே ஞாயிற்றுக்கிழமை மதியத்து மழை. பானை மூடியின் இடுக்கில் பீறிட்ட ஆவியில் மரவள்ளிக் கிழங்கின் இனிப்பு மணம் இல்லை. பாறை பிளந்ததும் குவாரியில் எழும் கரிந்த நெடி, அதற்கடியில் பீடிப்புகை, அதற்கும் அடியில் பழைய வியர்வை. அவளுக்குத் தெரிந்த வியர்வை.

"அம்மா, இது எதுல பிடுங்கினது?"

"நீ கொண்டு வந்து நட்ட கம்புலதான். வேற எதாக்கும் இஞ்ச நிக்குது?" ஜெயபாய் உப்புப் போட்டுக் கிளறினாள். "நல்ல மணம், இல்லியா மக்கா?"

அந்தச் செடிக்காகத்தான் ஷீனா பாறசாலையில் ரயில் இறங்கியிருந்தாள். காட்டு மரச்சீனியில் இலைநோயைத் தடுக்கும் மரபணுவைக் கண்டுபிடித்து, வெட்டியெடுத்து, பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கி, நாட்டு ரகத்தில் ஏற்றியது அவள். இளமை முழுக்க அதில் போனது. நாளை திருவனந்தபுரத்தில் ஆய்வக டைரக்டர் அதைத் தன் பெயரில் வெளியிடுகிறார். வந்தவர்களுக்கெல்லாம் அவித்த கிழங்கு விருந்தும் உண்டு. என் பெயர் எங்கே என்று அவள் கேட்டபோது சிரித்தார். "பாறை உடைக்கிறவன் மகள் இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு."

இப்படித்தான் செய்வான் என்று முன்பே தெரியும். அதனால்தான் செடிக்குள் ஓர் அடையாளம் வைத்திருந்தாள். மாணவியாக இருந்தபோது பயிற்சிக்காக அப்பன் விஜயதாஸின் ரத்தத்திலிருந்து பிரித்த டி.என்.ஏ. ஆய்வகக் குளிர்பெட்டியில் கிடந்தது. அதில் எந்த வேலையும் செய்யாத ஒரு துண்டை நறுக்கித் தன் மரபணுவோடு ஒட்டினாள். எவன் திருடினாலும் உள்ளே அப்பன் இருப்பான். அவள் பெயருக்கு அதுதான் சாட்சி. ஆய்வகத்துக்கு வெளியே போகக்கூடாத தண்டுக்கம்பைப் பைக்குள் ஒளித்துவந்து வீட்டுத் தோட்டமான விளையில் நட்டதும் அதற்காகவே.

அப்பன் ஒற்றசேகரமங்கலத்துக் குவாரியில் வெடித்துச் செத்தான். வலது கை கிடைக்கவில்லை. சுத்தியல் நசுக்கி, சுட்டுவிரல் பாதியாய்ப் போயிருந்த கை. குடித்துவிட்டுத் திரி கொளுத்தினான் என்றான் முதலாளி. அப்பன் குடித்ததே இல்லை. கையில்லாமலேயே சபைக் கல்லறையில் அடக்கினார்கள்.

மழை விட்டதும் விளையில் இறங்கினாள். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு பினு கூப்பிட்டான்.

"டாக்டரே, உனக்க மரச்சீனிக்க குணம் சரியில்ல கேட்டியா. பிடுங்கப் போனா அது நம்மளப் பிடிச்சு இழுக்குது."

"உனக்கு யாரு கம்பு தந்தது?"

"உனக்க அம்மதான். எனக்கு மட்டுமா? கொல்லயில் ஊருல இப்பம் அதில்லாத விளை உண்டா?"

கிழங்கு பிடுங்கினால் கம்பைக் கேட்டவர்களுக்குக் கொடுப்பார்கள். காசும் கிடையாது, இல்லை என்ற சொல்லும் கிடையாது. ஆய்வகத்து விதிகளில் கிடந்து அவள் இதை மறந்துபோயிருந்தாள். அம்மாவின்மேலும் ஆத்திரம் வந்தது.

காற்று இல்லை. ஆனாலும் இலைகள் அசைந்தன, மண்ணுக்கடியில் யாரோ தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டுவதுபோல.

தண்டைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அடியில் ஏதோ இறுகியது. டைரக்டரின் சிரிப்பை நினைத்தாள், முதலாளியின் வெள்ளை வேட்டியை நினைத்தாள், காலை ஊன்றிப் பல்லைக் கடித்து இழுத்தாள். வேர்கள் அறுந்தன.

ஐந்து கிழங்குகள். ஒரே பக்கமாக. எல்லாவற்றிலும் தடித்ததை அடுத்தது பாதியில் நின்றிருந்தது. முனை மழுங்கி, தழும்பு மூடி.

அடுத்த செடியை மூட்டோடு பிடுங்கினாள். அதே ஐந்து. அதே பாதி.

எல்லாம் ஒரே செடியின் கம்புதான். ஆனால் கிழங்கு மண்ணைப் பார்த்து வளரும், கல் தட்டினால் வளையும். ஒரு செடியின் கிழங்குபோல இன்னொன்று இருக்காது. இருக்கவே இருக்காது.

இன்னொன்று. வலது கை.

இன்னொன்று. வலது கை.

பினுவின் விளையிலும் இலைகள் அசைந்தன. அதற்கு அப்பாலும்.

"அம்மா, அதத் தின்னாத."

ஓடினாள். ஜெயபாய் அடுக்களைத் தரையில் இருந்தாள். தட்டு காலி. மடியில் வெட்டாத ஒரு மூடு கிழங்கு, மண்ணோடு.

"சத்தம் போடாத மக்கா. போன வருசம் முதல்ல பிடுங்கினப்பவே நான் கண்டுட்டேன். அப்பனுக்க கை கிடச்சாச்சு."

ஷீனா மடியிலிருந்த பாதி விரலைப் பார்த்தாள். இந்தச் சாட்சியை எந்த மேசையில் கொண்டு வைப்பது?

"உனக்க பேரு போடலண்ணா போட்டும்," என்றாள் அம்மா. "நாளைக்கு அந்த சாரும் தின்பாரு இல்லியா?"

நெடி தொண்டைக்குள் இறங்கியது. பையில் போன் கிடந்தது. விருந்தை நிறுத்த ஒரு சொல் போதும்.

அவள் எடுக்கவில்லை.

"தின்பாரு."

மடியிலிருந்த கிழங்குகள் அம்மாவின் மணிக்கட்டைச் சுற்றி மெல்ல மூடின. வெளியே, ஈர மண்ணில் அவள் பிடுங்கிப்போட்டவை ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. பாதி விரல் கடைசியாக மடங்கியது. விளை முழுக்க முஷ்டிகள்.