குதிகாலில் இட்ட குறி

மருந்துக்கடை முதலாளியம்மாவின் வீட்டு மணியை அழுத்தியபோது, மத்தியான வெயிலைத் தவிர தையல்காரிக்கு வேறு குறை எதுவும் இல்லை. அந்த வீட்டு நாலு வயதுப் பையனுக்குப் பள்ளிச் சட்டை தைக்க வேண்டும். அந்த அம்மாவின் கடையில்தான் அவள் புருஷன், ஐந்து வருஷத்துக்கு முன்னால் சாகும்வரை, வேலை பார்த்தார்.

சாகிற அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நம்ம மக வயித்துலயே வந்து பொறப்பேன். என்னைக் கண்டுபிடிச்சுக்கோ."

அவள் நம்பினாள். துணியின் உள்பக்கம் எதுவென்று தெரிய, சாக்கட்டியால் பெருக்கல் குறி போடுவது அவள் வழக்கம். அதையே அவருடைய வலது குதிகாலில் நீலச் சாக்கட்டியால் அழுத்திப் போட்டுத்தான் வழியனுப்பினாள். மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் முகத்தைக்கூடப் பார்க்காமல் குதிகாலைத் திருப்பினாள். குறி எதுவும் இல்லாமல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாவி மனுஷன் வழி தெரியாமல் எங்கே அலைகிறாரோ என்று அழுது தீர்த்தாள்.

"உள்ள போய் அளவெடுங்கக்கா. தண்ணி கொண்டு வரேன்" என்றாள் முதலாளியம்மா.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அறை இருட்டாக இருந்தது. புருஷன் சட்டையில் எப்போதும் வீசும் ஸ்பிரிட் வாடை அங்கே வீசியது. கட்டிலில் ஒரு தலையணை. உறையில் சாம்பல் நிறக் கட்டங்கள், நடுவே அவள் கையால் எடுத்த பித்தான் துளைகள். பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்றாரே, அதே சட்டை.



பையன் கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். வலது குதிகாலில் நீலமாக ஒரு மச்சம்.

பெருக்கல் குறி.

"ஏங்க..." அவளை அறியாமல் வந்துவிட்டது.

பையன் திரும்பினான். மழலைக் குரல்தான். "கண்டுபிடிச்சுட்டியா?"

"வழி தவறிட்டீங்களா?"

"இல்ல. இங்கதான் பொறக்கணும்னு கேட்டு வந்தேன்."

கட்டிலருகே மண்டியிட்டாள். நம்பவைத்துக் கழுத்தறுத்த மனுஷன், செத்தும் அறுக்கிறார். பையன் இறங்கி அவளுக்குப் பின்னால் போனான். குதிகாலில் ஏதோ கூசியது.

"அடையாளம் போடறது நல்ல யோசனைதான்" என்று காதருகே கிசுகிசுத்தான். "அடுத்த பிறவியில நீ யாருன்னு தெரிஞ்சா, ஒதுங்கிப் போயிடலாம்."

அளவு நாடாவை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

வீட்டுக் குழாயடியில் காலைத் தூக்கிப் பார்த்தாள். நீலக் குறி. சோப்புப் போட்டாள். கல்லில் தேய்த்தாள். தோல் உரிந்து ரத்தம் வந்தது.

உரிந்த தோலுக்கு அடியிலும் நீலமாகவே இருந்தது.