துளைகளை அடைத்தவள்

கார்ப்பெட்டின் அடிப்பக்கம் காய்ந்திருந்தது.

மழைக்காலத்தில் பூவாறில் எதுவும் காய்வதில்லை. தீக்குச்சி தலையை உதிர்த்துவிடும், உப்பு ஜாடிக்குள்ளேயே கரைந்து குழம்பாகும், இரவில் கழற்றிப் போட்ட துணி காலையில் பிழிந்தால் சொட்டும். அப்படிப்பட்ட ஊரில், தண்ணீரில் மிதக்கும் ஒரு படகின் கேபினில் வருடக்கணக்காக ஒட்டிக்கிடந்த சிவப்புக் கார்ப்பெட், மேலே பூஞ்சை வாடையும் டூரிஸ்டுகள் சிந்திய பீரின் புளிப்புமாக நாறிய அந்தச் சனியன், மூலையைக் கத்தியால் நெம்பித் தூக்கியபோது அடியில் வெயிலில் உலர்த்தி எடுத்த பாய் போலக் காய்ந்து கிடந்தது. ஷெமி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பசுவின் வயிற்றில் வைத்த மாதிரி.

"எஞ்சின் சூடு," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

எஞ்சின் படகின் பின்கோடியில் இருந்தது. மழை பிடித்ததிலிருந்து அதை யாரும் ஓட்டவில்லை.

அவள் நெம்பிக்கொண்டே போனாள். நின்று யோசிப்பதற்கு நேரமில்லை. கேபினில் கார்ப்பெட் கிடந்தால் பயணிகளை ஏற்ற விடமாட்டேன், தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று சோதனைக்கு வந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாளைக் காலை மறுபடி வருவார். அவர் கையெழுத்துப் போட்டால் இது ஓடுகிற படகு. போடாவிட்டால் கரையில் கட்டிவைத்த மரப்பெட்டி. ஷெமி ஈஸ்டருக்கு மறுநாள் புருஷன் ஆன்சனின் வீட்டிலிருந்து இறங்கியவள். கழுத்தில் கிடந்ததையும் விற்று இதை வாங்கினாள். பகலில் சவாரி, ராத்திரி இதே கேபினில் தூக்கம் என்பதுதான் திட்டம். இது கைவிட்டுப் போனால் போய் நிற்க அவளுக்கு ஒரே ஒரு வாசல்தான் மிச்சம். அந்த வாசலில் ஆன்சன் நிற்பான்.

விஜின் கேபின் கதவில் நின்றான். படகோடு சேர்ந்து வந்த டிரைவர் அவன், பழைய முதலாளி கிருஷ்ணகுமாரின் காலத்திலிருந்தே ஓட்டுகிறவன். கேபினுக்குள் ஒரு காலுக்கு மேல் வைக்கமாட்டான். டூரிஸ்டுகளுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதென்றாலும் வாசலில் நின்று கையை நீட்டுவான்.

"சேச்சி, கிருஷ்ணகுமார் சார் சொன்னது ஓர்மை உண்டா? கார்ப்பெட்ட எடுக்கண்டான்னு சொன்னாரில்லா?"

"படகு அவருக்க வீட்டு முற்றத்துல கிடந்தா எடுத்திருக்க மாட்டேன்."

"மேல வேற என்ன வேணும்னாலும் போட்டுக்கிடலாம். அடில உள்ளத தொடண்டா."

"எதுக்கு?"

"எனக்கறியில்ல. தொடண்டான்னாரு. நான் தொடல்ல."

"நல்ல பிள்ள. அந்தக் கட்டர எடு."

ஒற்றைக் காலில் நின்றபடி அவன் எட்டி எடுத்துக் கொடுத்தான்.

கார்ப்பெட்டைப் பட்டை பட்டையாக அறுத்துச் சுருட்டி அவள் படகு கட்டியிருந்த ஜெட்டி மேடையில் எறிந்தாள். அடியில் இருந்தது நல்ல ப்ளைவுட். பழைய பசை தேன் நிறத்தில் உறைந்திருந்தது. சுரண்டிக்கொண்டே முன்பக்கம் வரை போனபோது, ராத்திரி அவள் படுக்கை விரிக்கையில் தலைமாடாக வரும் இடத்தில் பசையே இல்லை. அங்கே ஒரு தலையணை அகலத்துக்குத் துளைகள். விரல் நுழையும் அளவில், டிரில் வைத்துப் போட்டவை, நெருக்கமாக, இடியாப்ப அச்சு மாதிரி. எவனோ அவசரத்தில் போட்டதல்ல. விளிம்புகள் வழவழவென்று தேய்ந்து எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தன.

அவள் மண்டியிட்டு டார்ச் அடித்தாள். தரைக்கும் படகின் அடிப்பாகத்துக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு வெற்றிடம் உண்டு. கசிந்த தண்ணீர் அங்கேதான் தேங்கும். வெளிச்சம் பட்டால் மினுங்க வேண்டும். எதுவும் மினுங்கவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோனபோது வாடை வந்தது. சேற்று நாற்றமோ டீசல் நாற்றமோ என்றால் அவளுக்குப் பழக்கம். இது நெடுநேரம் தூங்கி எழுந்து இன்னும் பல் தேய்க்காத வாயின் வாடை.

துளைகளின் மேல் கையை வைத்தாள். மெதுவாக, உள்நோக்கி, ஒரு காற்று இழுத்தது. நின்றது. பிறகு வெளியே வந்தது. சூடாக.

"அது காத்துக்கு உள்ள ஓட்டையாக்கும்," விஜின் வாசலிலிருந்து சொன்னான். குரல் அவனுடையது மாதிரி இல்லை. "அடைக்கண்டா சேச்சி."

"அலைக்குப் படகு ஏறி இறங்குதில்லா, காத்து போயிட்டு வருது. வேற ஒண்ணும் இல்ல."

"அடைக்கண்டா."

ஷெமி தரை போடுகிறவள். ஆரியசாலையில் பூதலிங்கம் அண்ணாச்சியின் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பட்டம், கவடியார் பக்கங்களில் எத்தனையோ ஃபிளாட்டுகளில் நின்று வினைல் தரைவிரிப்பு ஒட்டியவள். ஓட்டையை மூடாமல் ஷீட் ஒட்டினால் ஆறு மாதத்தில் அந்த இடம் கொப்புளம் மாதிரி எழும்பி நிற்கும் என்பது அண்ணாச்சி புது ஆட்களுக்குச் சொல்லும் முதல் பாடம். சுவரிலிருந்து சுவர் வரை மூடு, ஓரத்தில் சிலிக்கான் அடி, ஒரு எறும்பு நுழையக்கூடாது. ஃபிளாட்டுக்கு அது சரி. படகு அவளுக்கு இதுதான் முதல்.

மரத்தூளில் பசையைக் குழைத்துப் புட்டி செய்தாள். ஒவ்வொரு துளையாக அடைத்து, தகடு வைத்து வழித்தாள். கடைசித் துளையில் புட்டி நிற்கவில்லை. வைத்ததும் உள்ளே போய்விட்டது. மறுபடி வைத்தாள். மறுபடி போனது. கீழே எங்கும் விழுந்த சத்தம் இல்லை. கந்தலைத் திரித்துச் செருகி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, அதன் மேல் புட்டி வைத்தாள். நின்றது.

"பார்த்தியா?" என்றாள்.

வாசலில் ஆள் இல்லை. விஜின் ஜெட்டிக்கு ஏறி, மழையில் நனைந்துகொண்டு, கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

புட்டி இறுகட்டும் என்று அவள் காத்திருந்தபோது ஆன்சன் போன் செய்தான்.

"படகுலயே கிடக்கியாமே. சபையில எல்லாரும் கேக்காவ."

"கேக்கவங்கள ஒரு ரைடுக்கு வரச் சொல்லு. சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி டிக்கெட்."

"ஒனக்கு எல்லாம் விளையாட்டு. ஒரு காத்து அடிச்சா கவுந்து போவும். அப்ப இங்கதான வந்து நிப்ப?"

"நீச்சல் தெரியும்."

"ஷெமி, கதவத் தெறந்துதான் வச்சிருக்கேன்."

"அடைச்சுக்கோ. கொசு வரும்."

போனைச் சுவரோரப் பெஞ்சில் எறிந்தாள்.

பசை தடவி, ஷீட்டை ஒரு முனையிலிருந்து விரித்துக்கொண்டே வந்தாள். தேக்கு நிறம், ஒற்றைத் துண்டு, இணைப்பே இல்லை. கனத்த ரப்பர் ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி அழுத்தினாள். சுற்றிலும் சிலிக்கான் அடித்து விரலால் வழித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அழகாகவே இருந்தது. மழை இருட்டிலும் தரை பளபளத்தது. மத்தியானம்தான், ஆனால் வெளியே சதுப்பு மரங்களும் ஆறும் ஒரே சாம்பலாகக் கலந்து, கூரைத் தகரத்தில் மழை ஓயாமல் கொட்ட, கேபினில் புதுப் பிளாஸ்டிக்கும் பசையும் மூக்கை அரித்தன.

அப்போதுதான் ஒரு சத்தம் இல்லாதது தெரிந்தது.

படகில் படுக்க ஆரம்பித்த நாளிலிருந்து தலையணைக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். தண்ணீர் படகில் உரசுகிறது என்று அவள் நினைத்திருந்தாள். ஆன்சனின் வீட்டில் வராத தூக்கத்தை அந்தச் சத்தம் கொடுத்திருந்தது. இப்போது மழை கேட்டது, ஆற்றின் சளசளப்பு கேட்டது, ஜெட்டியின் டயரில் படகு முட்டுவதும் கேட்டது. அது மட்டும் கேட்கவில்லை.

தண்ணீர் அங்கேயேதான் இருந்தது. படகும்.

அவள் அசையாமல் நின்றாள். எதற்காகத் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

தலைமாட்டில் ஒரு குமிழ் எழுந்தது.

உள்ளங்கை அளவு. பசை சரியாகப் பிடிக்காவிட்டால் வருவதுதான். ரோலரை உருட்டினாள். அமுங்கியது. ரோலர் தாண்டியதும் எழுந்தது. மறுபடி உருட்டினாள். குமிழ் நகர்ந்து பக்கத்தில் எழுந்தது, கொஞ்சம் பெரிதாக. காற்றுக் குமிழ் பஞ்சு மாதிரி அமுங்கும். இதற்குள் எலும்பு மாதிரி ஒன்று இருந்தது.

"விஜினே!"

"சேச்சி, எறங்கு." மழைக்குள்ளிருந்து அவன் குரல். "ஷீட்டக் கீறி விட்டுட்டு எறங்கு. அதுக்கு ஸ்வாசம் முட்டுது."

"எதுக்கு?"

அவன் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"எதுக்குடா?"

"கண்டிட்டில்ல சேச்சி. இத்தனை வருஷமும் அதுக்கு மேல நின்னுதான் ஓட்டினேன். இன்னிக்கு வரை கண்ணால கண்டிட்டில்ல. எறங்கு!"

"நீ எறங்கியாச்சில்லா, அங்கேயே நில்லு. நான் இங்க தாமசிக்கிறவ, எனக்க வீடு இது."

குமிழுக்கு வைத்தியம் உண்டு. தடித்த ஊசியால் குத்தி, காற்றை எடுத்து, ஊசித்துளை வழியாகப் பசை ஏற்றி அமுக்க வேண்டும். பெட்டியிலிருந்து ஊசியை எடுத்துக் குத்தினாள்.

காற்று வெளியே வரவில்லை. உள்ளே போனது.

கெட்டில் விசில் மாதிரி மெலிந்த ஓசை. நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. பெஞ்சு விரிப்பின் நுனி அந்தப் பக்கம் திரும்பியது. ஜன்னல் திரை திரும்பியது. அவள் தலைமுடி முன்னால் விழுந்து தரையை நோக்கி நீண்டது. துளையை விரலால் பொத்தினாள். விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். நகக்கண்ணில் வலி. பிய்த்து எடுத்தாள். நுனியில் ரத்தம்.

ஓசை நின்றது.

தரை முழுவதும் எழுந்தது.

ஒரே சீராக. சுவரிலிருந்து சுவர் வரை. சிலிக்கான் ஓரம் முறுகியது, விடவில்லை. நன்றாக அடித்திருந்தாள். அவள் நின்ற இடமும் எழுந்தது, அவளோடு. உச்சந்தலை கூரையில் இடித்தது. பிறகு இறங்கியது. மறுபடி எழுந்தது. இந்த முறை வேகமாக. முட்டி மோதுகிற வேகம்.

கட்டர் காலடியில் கிடந்தது. ஒரு கீறல் போதும். கீறினால் நாளைக்குக் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் கதவு. திறந்து வைத்த கதவு.

கட்டரைக் காலால் எற்றினாள். அது திறந்திருந்த ஜன்னல் வழியாக ஆற்றில் போய் விழுந்தது.

"எனக்க படகு," என்றாள் தரையைப் பார்த்து. "கேட்டியா? காசு குடுத்து வாங்கினது. நீ யாரா இருந்தாலும் சரி. அமுங்கு."

எழுந்தது.

"அமுங்கு சவமே!"

ரோலரை ஓங்கி வைத்து உருட்டினாள். போதவில்லை. ஏறி நின்றாள். போதவில்லை. குப்புற விழுந்தாள். நெஞ்சு தலைமாட்டில், கைகால்களை அகட்டி, முழுப் பாரத்தையும் கொடுத்து. கன்னத்துக்கு அடியில் ஊசித்துளை. தரை அவளைத் தூக்கியது. இறக்கியது. தூக்கியது. அடியிலிருந்து ஏதோ ஒன்று அவளுடைய தோள், இடுப்பு, முழங்கால் எங்கே என்று தடவித் தேடிப் பொருந்தியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். தூக்கியது. பாதிதான். கொஞ்சம்தான்.

நின்றது.

தட்டையாகக் கிடந்தது தரை. அவள் காத்திருந்தாள். எதுவும் இல்லை. மழைகூடக் குறைந்திருந்தது. ஜெயித்துவிட்டாள். சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகும் மூச்சு வெளியே போய்க்கொண்டிருந்தது.

நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. நெஞ்சு காலியானது. அதற்கும் பிறகு போனது. சூடாக. அவளுடையதல்லாத வாடையோடு.

பிறகு உள்ளே.

மெதுவாக. நீளமாக. ஒரு மனுஷிக்குத் தேவையானதற்கு மேல். விலா விரிந்தது. இன்னும். எலும்பு ஒன்று நெரிந்தது. வாயை மூட நினைத்தாள். வாய் கேட்கவில்லை. மூக்கைப் பொத்த ஒரு கையைக் கூப்பிட்டாள். கை வரவில்லை.

வெளியே.

ஏறும். இறங்கும். தெரிந்த சத்தம். இத்தனை நாள் தூங்க வைத்த சத்தம். இப்போது அவள் தொண்டையில்.

"சேச்சி?" ஜெட்டியிலிருந்து விஜின். "சேச்சி, ஓகே ஆணோ?"

போடா என்று சொல்ல நினைத்தாள். என் படகு என்று சொல்ல நினைத்தாள். சொல்ல அவளிடம் காற்று இல்லை. இருந்த காற்றெல்லாம் வேறொன்றின் காற்று.

தரை கண்ணாடியாகக் கிடந்தது. ஒரு சுருக்கம் இல்லை. ஒரு குமிழ் இல்லை. அதன் மேல் அவள், குப்புற, வாய் பிளந்து. முதுகு எழுந்தது. நின்றது. இறங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்தன. தெளிந்தன. வெளுத்தன.

ஒரு கையின் விரல்கள் மட்டும் இன்னும் அவளுடையவை. அவை ரோலரின் பிடியை இறுக்கி, கீழ்நோக்கி, அழுத்திக்கொண்டே இருந்தன.