காணாமல் போன பதினான்கு படங்கள்

சனிக்கிழமை, காலை 7.10.

அம்மா வயிற்றில் குத்து வாங்கினாள். விழ வேண்டியவள் விழவில்லை, காணாமல் போனாள். திரையில் அவளுடைய நிழல் மட்டும் தரையில் கிடந்தது.

மகள் மூன்று முறை ஆடிப் பார்த்தாள். மூன்று முறையும் அம்மா மாயம். அவளும் அவள் தம்பியும் எட்டு மாதமாக வீட்டிலேயே செய்த சண்டை விளையாட்டு அது. குடும்பத்தாரைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தி, ஒவ்வோர் அசைவையும் படம் எடுத்து, பச்சையை அழித்து, ஓரம் வெட்டி, ஆளுக்குத் தொண்ணூற்றாறு படம் தயாரித்திருந்தார்கள். வெட்டியதும் ஆளுக்கு இவ்வளவு பலம் என்று வைத்ததும் அக்கா, ஓட வைத்தது தம்பி. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கண்காட்சி. விளையாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து அதைப் பார்க்க ஆள் வருகிறார். பிடித்துப்போனால் அவளுக்கு வேலை.

7.25. அம்மாவின் படங்களில் எண்பத்திரண்டுதான் இருந்தன. வெள்ளி காலை அவள் பார்த்தபோது எல்லாம் இருந்தது. கணினியின் குப்பைத் தொட்டியும் சுத்தமாகக் காலி. கேமராவில் இருந்த மூலப் படங்களை இடம் போதவில்லை என்று எப்போதோ அழித்தாயிற்று.

அவள் பார்வை நேராகத் தம்பி மேல் போனது. வியாழக்கிழமைதான் இருவருக்கும் குடுமிப்பிடிச் சண்டை. அம்மாவுக்கு மட்டும் பலத்தை அள்ளிக் கொடுத்துவிட்டாள், தன் ஆள் யாரிடமும் ஜெயிப்பதில்லை என்று கத்தியிருந்தான். கல்லூரி முடித்தவன், சொந்த அம்மாவிடம் தோற்றதற்காக இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

"நான் தொடலக்கா," என்றான். அவள் நம்பவில்லை. இனி அவனோடு சேர்ந்து எதையும் செய்யப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் விசாரணையை அம்மாவே எடுத்துக்கொண்டாள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். இருபது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விடுபட்டதைத் தேடுகிறவள். போன வருடம் மாடிப்படியில் விழுந்து ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூடத் தலையணை மேல் தாளை வைத்துத் திருத்தியவள்.

7.50. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில் இருந்தது இருவர். ஒன்று தம்பி, கணினியில் பாட்டு கேட்டானாம். இன்னொன்று, காலை ஷிப்டில் பஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பா. சும்மா விளையாட்டைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டு, அவர் டீ போடப் போய்விட்டார்.

8.15. விடுபட்ட எண்களை அம்மா ஒரு தாளில் எழுதினாள். 68 முதல் 79 வரை. அப்புறம் 23, 24.

"அடி வாங்கறது எந்த நம்பர்?"

"61லேருந்து 79," என்றான் தம்பி, யோசிக்காமல்.

61 பத்திரமாக இருந்தது. குத்து விழுந்த கணம். ஆனால் படம் எடுக்கும்போது சிரிப்பு வந்துவிட்டதால் அம்மா அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். 67 வரை நின்றபடியே தள்ளாடினாள். 23, 24 என்னவென்று கேட்டாள். கையைத் தரையில் ஊன்றி, படுத்தாற்போலச் சாய்ந்து எதிரியின் காலை வாரும் அடி என்றாள் மகள். அம்மாவின் பெரிய ஆயுதமே அதுதான்.

அம்மா தாளில் 23, 24ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

8.40. எல்லோரையும் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"சின்னவன் இல்ல. அவன் அழிக்கணும்னா 61லேருந்து மொத்தமா அழிச்சிருப்பான். 23, 24 விழற படம் இல்ல, அடிக்கிற படம்னு அவனுக்குத் தெரியும், தினம் அதுலதானே தோக்கறான். எல்லாம் வெறும் நம்பர் போட்ட படம். ஒவ்வொண்ணா திறந்து பார்த்து, நான் தரையில கெடக்கற மாதிரி தெரிஞ்சதை மட்டும் எடுத்திருக்காங்க. ஆட்டம் தெரியாத ஒருத்தர்." கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே?"

அப்பா டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார். அன்று படிக்கட்டின் அடியில் அவளை முதலில் பார்த்தவர் அவர்.

"நீ அன்னைக்குக் கெடந்த மாதிரியே இருந்துச்சு," என்றார். "மத்தபடி ஆடட்டும், விழ மட்டும் வேணாம்னு நெனச்சேன்."

மகளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது. தம்பியின் தோளில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை.

"அப்பா," என்றான் அவன், மெதுவாக. "அம்மா எழுந்துக்கறதும் அதே படம்தான். அதையே கடைசியிலேருந்து திருப்பி ஓட்டுவோம். அது இல்லன்னா அவளால எழுந்திருக்கவே முடியாது."

அப்பா ஈரக்கையோடு நின்றார். இதை அவர் நினைத்தே பார்க்கவில்லை.

9.30. பச்சைத் துணியை மறுபடி கட்டி, மெத்தையைப் போட்டார்கள். பாதி விழுந்த நிலையில் அசையாமல் நிற்க யாராவது முதுகைத் தாங்க வேண்டும். அப்பா தானே முன்வந்து பச்சைத் துணியைத் தலையோடு சுற்றிக்கொண்டு, பச்சைக் கையுறை மாட்டினார். பச்சையெல்லாம் பின்னால் அழிந்துவிடும்.

"விழறேங்க," என்றாள் அம்மா. அவர் தாங்கிக்கொண்டார். அவள் மெத்தையில் முழுசாகப் படுத்த பிறகும், கையை எடுக்கச் சொல்லி மகள் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

ஞாயிறு, காலை 10.20. நிறுவனத்துக்காரர் அம்மாவை அடித்து வீழ்த்தினார். அவள் எழுந்தாள், எழுந்த கையோடு அவர் காலை வாரினாள். அவர் சிரித்துவிட்டு, விழும் படங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார்.

"அந்தரத்துல இவ்வளவு நிதானமா எப்படி நின்னாங்க? கயிறு கட்டினீங்களா?"

"இல்ல சார்," என்றாள் மகள். "அப்பா."