கை காட்டினதும் நின்ற வண்டி

கையை இறக்கவே முடியவில்லை, வசந்தா... வண்டி சரிந்துகொண்டே வருகிறது, பின் சக்கரம் தார் ரோட்டில் தேய்ந்து கிறீச்சிடுகிறது, புழுதி முகத்துக்கே வந்துவிட்டது, நான் இடது கையைத் தூக்கியபடி சிலை மாதிரி நிற்கிறேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒருத்தனைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

திறந்து பார்த்தால்... காமிரா ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி அந்த முன் சக்கரம் நின்றிருந்தது. அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த வண்டி எங்களைத் தாண்டிப் பறந்து போனது. தூரத்தில் சுண்ணாம்புக் கோட்டருகே கூட்டம் கத்தியது. ஜெயித்தது அந்த வண்டி. ஜெயித்திருக்க வேண்டியது இந்த வண்டி.

தட்டாஞ்சாவடி ரோட்டில் உனக்கு என்ன வேலை என்று நீ கேட்பாய். உன் பேரைச் சொல்லித்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன், மன்னித்துக்கொள். அந்த நேர் ரோட்டில் இரண்டு இரண்டு வண்டியாக மோட்டார் சைக்கிள் ரேஸ் விடப் போகிறார்கள், படம் எடுத்துத் தர வேண்டும் என்று அப்பாவைக் கேட்டிருந்தார்கள். அப்பாவுக்குக் கண் வலி வந்து, இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டது. வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து எங்கள் முத்தியால்பேட்டை ஸ்டூடியோவில் அசையாதவர்களை மட்டுமே பார்த்திருக்கிறேன். கல்யாண ஜோடி அசையாது, குழந்தை அசைந்தால் அடி விழும். பத்தொன்பது வயசாகிறது... ஓடுகிற ஒன்றை ஒரே ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டாமா? பனை ஓரமாக, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் ஸ்டாண்டை ஊன்றினேன். வண்டி வரும்போது காமிராவையும் கூடவே திருப்ப வேண்டும், அப்போதுதான் படம் கலங்காது என்று எனக்கு நானே பாடம் சொல்லிக்கொண்டேன்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். கடைசி நொடியில், அமுக்குவதற்கு முன்னால், கை தானாக மேலே போய்விட்டது. அப்பா ஒவ்வொரு படத்துக்கும் இடது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவாரே... அதே மாதிரி. காமிராவைத் திருப்புவதை விட்டுவிட்டு நான் கையைத் தூக்கினேன், வலது கை பாட்டுக்கு அமுக்கியும் விட்டது.

அவன் வண்டியை விட்டு இறங்கினான். முகமெல்லாம் செம்புழுதி. அதற்கு நடுவில் இரண்டு கண் மட்டும் மழையில் நனைந்த கூழாங்கல் மாதிரி மினுமினு என்று... அந்தக் கண்ணில் கோபம்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"யாரு குறுக்க வந்தாங்க? எதுக்குக் கை காட்டினீங்க?"

"யாரும் வரலை..."

"பின்ன?"

"அசையாம இருக்கச் சொன்னேன்."

அவன் என்னைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"ரேஸுல போற வண்டியையா?"

"பழக்கம்ங்க... எங்க ஸ்டூடியோவுல அப்படித்தான்..."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தான். முடியவில்லை. தோற்றுப்போனவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்துவிட்டு, ரொம்பப் பணிவாக, "இப்ப மூச்சு விடலாமுங்களா?" என்று கேட்டான். அப்பா படம் எடுத்து முடித்ததும் சொல்கிற வார்த்தை அது. சின்ன வயசில் எங்கள் ஸ்டூடியோ ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான் போலிருக்கிறது.

அதற்குள் கூட்டம் ஓடி வந்தது. அவன் கண்ணாலேயே என்னைப் பனைமரத்துக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர்களுக்கு எதிரே போனான். என்ன ஆச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். என் பேச்சையே எடுக்கவில்லை. ஒன்றுமில்லை, நின்னுட்டேன் என்று மட்டும் சொன்னான்.

அந்த ஒரு சொல் அவனை என்ன பாடு படுத்தியது தெரியுமா? அவன் பேர் உத்திராபதி. கோவிந்தசாமி ஐயா மெக்கானிக் ஷாப்பில் வேலை. அந்த ஐயா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பயந்தவர்களைக் கண்டால் பிடிக்காது. தன் ஊருக்குக் கப்பலேறிய ஒரு பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன துருப்பிடித்த வண்டிக்கு உத்திராபதிதான் ராத்திரி பகலாக உட்கார்ந்து உயிர் கொடுத்தானாம். இதில் ஜெயித்தால் மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் நடக்கிற பெரிய ரேஸுக்கு அவனை அனுப்புவதாக ஐயா வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது, பிரேக் பிடிக்கிற பயலுக்குச் சோழவரம் எதற்கு, வேறு ஆளை அனுப்புகிறேன் என்றுவிட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பெரிய மார்க்கெட்டில். அம்மாவோடு மீன் வாங்கப் போயிருந்தேன். அங்கே பச்சையம்மாள் என்று ஒரு அம்மா, தலை குனிந்தபடி சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கூடைக்காரி, "இன்னா பச்சை, உன் புள்ள நடு ரோட்ல படுத்துத் தூங்கிட்டானாமே" என்று கேட்டாள். சுற்றி எல்லாரும் ஆளுக்கொன்றாகக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தம்மா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அரிவாள்மனையில் கை மட்டும் வேகமாக ஓடியது. அதே கண் வசந்தா... அதே கூழாங்கல் கண். 

வீட்டுக்கு வந்ததும் அப்பா அசந்து தூங்குகிற மத்தியானமாகப் பார்த்து இருட்டறைக்குள் போனேன். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் படம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தது. பின்னால் வந்த வண்டி வெறும் கோடாகப் போயிருந்தது. ஆள் யார், சக்கரம் எது என்றே தெரியவில்லை. பிரேக் பிடித்த வண்டி மட்டும் அத்தனை தெளிவு. முன்னால் இருந்தது இவன்தான், சந்தேகமே இல்லை. அவன் சக்கரத்துக்கு எதிரே ரோட்டில் நீளமாக ஒரு நிழல்... விரித்த உள்ளங்கையோடு ஒரு கை.

இந்தப் படத்தைக் காட்டினால் அவன் பேர் நிமிரும். ஆனால் நான் திருட்டுத்தனமாகக் காமிராவைத் தூக்கிப் போனது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அந்தக் காமிராவை நான் தொட முடியுமா?

ரெண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் நல்ல மழை. தொப்பலாக நனைந்தபடி உத்திராபதி ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். பார், இப்போது எனக்கு 'அவர்' என்றுதான் வருகிறது... சிரிக்காதே.

ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேணும் என்றார். அப்பா கறுப்புக் கண்ணாடியோடு எழுந்து வந்தார். நான் துண்டு கொடுத்தேன், விளக்கை நகர்த்தினேன், அவர் கன்னத்தில் வெளிச்சம் விழுகிறதா என்று பார்க்கிற சாக்கில்... பார்த்தேன். இமையில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா இடது கையைத் தூக்கினார். ஸ்டூலில் இருந்தவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், தோள் குலுங்கச் சிரித்துவிட்டார். படம் வீண். அப்பா இன்னொரு தடவை எடுத்தார். அதுவும் வீண்.

"ஏன் தம்பி, ஒரு நிமிஷம் அசையாம இருக்க மாட்டியா?"

"நான் அசையாம நின்னதுதானே ஐயா ஊரு முழுக்கப் பேச்சு."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புது ஃபிலிம் எடுக்க உள்ளே போனார். நான் மெதுவாக, ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நாளைக்கு உங்க அப்பா காமிராவைத் தொட விடுவாரா?"

படம் நன்றாக வந்திருக்கிறது, கோவிந்தசாமி ஐயாவிடம் கொண்டு போய்க் கொடுக்கிறேன் என்றேன். சட்டென்று அவர் முகம் மாறிவிட்டது. வேண்டாம் என்றார். ஒரு பெண்ணை மாட்டிவிட்டுத்தான் நான் வண்டி ஓட்ட வேண்டும் என்றால் அந்த வண்டியே வேண்டாம் என்றார். அடுத்த படத்துக்கு அசையாமல் உட்கார்ந்தார். காசு கொடுத்தார். மழை விடுகிற வரைக்கும்கூட நிற்காமல் போய்விட்டார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அவ்வளவு ரோஷமா? இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கும் இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் படத்தை அப்பா கையில் கொடுத்தேன்.  நான்தான் எடுத்தேன், உங்களைக் கேட்காமல் போனேன், என் கையால்தான் அவர் தோற்றார்... மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். சிவந்த கண்ணை இடுக்கிக்கொண்டு படத்தை வெளிச்சத்துக்கு அருகே கொண்டு போனார். அடி விழப் போகிறது என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஷட்டர் எவ்வளவுல வெச்ச?" என்றார்.

சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "கையைத் தூக்காம இருந்திருந்தா ரெண்டு வண்டியுமே படத்துல தெளிவா உளுந்திருக்கும்" என்றார். அப்புறம்தான் திட்டினார், அதுவும் பாதி மனசோடு.

மறுநாள் காலையில் அந்தப் படம் பெரிசாக எங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. பத்து மணிக்கெல்லாம் கூட்டம். கோவிந்தசாமி ஐயாவே வந்துவிட்டார். மீசையைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இந்தக் கையை எனக்குத் தெரியுமே ஜானகிராமா, என் கல்யாணத்துக்கே இந்தக் கைதானே என்னை விறைக்க வெச்சது என்றார். அப்பா தலையைச் சொறிந்தபடி, ஆமாங்க, மனசு கேக்காம கண் வலியோடயே வந்துட்டேன், பழக்க தோஷம், தூக்கிட்டேன் என்றார். வசந்தா, எங்கள் அப்பா பொய் சொல்லி அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐயா அங்கேயே எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார்: குறுக்கே கை நீட்டினால் நிறுத்துகிறவன்தான் நல்ல ஓட்டி, சோழவரத்துக்கு உத்திராபதிதான் போகிறான்.

அம்மா மட்டும் அந்த நிழலைத் தனியாக நின்று பார்த்தாள்.

"ஏங்க, நீங்க எப்போ வளையல் போட்டீங்க?" என்றாள்.

அப்பா இருமினார். அம்மா என் மணிக்கட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

இன்று சாயங்காலம் அவர் வந்தார். கடையில் நான் மட்டும்தான். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, தன் முகத்தைப் பார்க்காமல் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்னு சொன்னேனே."

"நீங்க சொன்னா நான் கேக்கணுமா?"

"நீங்க கை காட்டினா நான் மட்டும் நிக்கணுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உதட்டை அடக்கவே முடியவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்... அதை உனக்கு எப்படிச் சொல்வேன்...

"எல்லாரும் கையைப் பாத்து நின்னேன்னு நெனைக்கிறாங்க. வண்டி நிக்கிற வரைக்கும் கையை நான் பாக்கவே இல்லைங்க. பனை ஓரமா உங்க முகம்தான் தெரிஞ்சிது. பிரேக்கை எப்போ புடிச்சேன்னு எனக்கே தெரியாது."

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இப்ப மூச்சு விடலாமுங்க என்று அவரே சொன்னார். அப்புறம்தான் விட்டேன். விட்ட மூச்சிலேயே, எனக்கும் அன்றிலிருந்து உங்கள் முகம்தான், கண்ணை மூடினாலும் போக மாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டேன். நானா சொன்னேன்? நான்தான்.

ஆனால் கேள்... சோழவரம் ரேஸுக்கும் அப்பாவைத்தான் படம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். கண் இன்னும் கூசுகிறது, காமிராவை நீயே பிடி என்று அப்பா சொல்லிவிட்டார். விடிந்ததும் கிளம்ப வேண்டும். பயந்துகொண்டே அம்மாவிடம் சொல்லப் போனேன். மீன்காரம்மா பிள்ளை என்று ஆரம்பிப்பாளோ, போகவே கூடாது என்பாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் புளிச்சோற்றை இலையில் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டுவிட்டு, நிமிராமல், "போ. கையை மட்டும் கீழ வெச்சிக்க" என்றாள். அவ்வளவுதான். அது கோபமா, சம்மதமா... எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு அந்தக் கையைப் பற்றி மட்டும்தான் தெரியும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நிற்கிறேன், வசந்தா. ஆனால் முகத்தைப் பார்த்துத்தானே அவர் நின்றார்... நாளைக்கு நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?