டிவிக்குப் பின்னால் எரிந்த சுவர்

இடது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல இருந்தது துலுக்காணத்துக்கு. ராத்திரி முழுக்க உருக்காலையில் கிரேன் மோட்டாரைக் கழற்றி மாட்டியவன், காலையில் இரண்டு மணி நேரம்கூடக் கண்ணை மூடவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேஸ்திரி குப்புராஜின் புது வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான். கும்மிடிப்பூண்டி ஆலைக்குக் காண்ட்ராக்டில் ஆள் விடுகிறவர் குப்புராஜ். அவர் கூப்பிட்டால் தோள் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. சொன்னால் மறுநாள் கேட்டில் பெயர் இருக்காது.

புதுமனை புகுந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. கூடத்தில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. சுவரில் ஆள் உயரத்துக்குத் தட்டை டிவி. குப்புராஜின் மனைவி வினோதா ஒரு பிளாஸ்டிக் சுருளைக் கொண்டுவந்து நீட்டினாள். நாடா மாதிரி இருந்தது. முழுக்கக் குட்டிக் குட்டி பல்பு.

"ரிச்சி தெருவுல வாங்கினாரு. ஷோரூம்ல டிவி பின்னாடி செவுரே நீலமா மினுக்குச்சு. அத மாரி வோணும். வர்றவங்க வாயப் பொளக்கணும்."

"பொளந்துடுவாங்க அண்ணி."

சோபாவில் கால் நீட்டியிருந்த குப்புராஜ் சிரித்தார். "இன்னாடா கை ஆடுது? காலைலயே ஏத்திக்கினியா?"

"நைட்டு ஷிப்டு மேஸ்திரி. நீங்க குடுக்குற டப்புக்கு பசிதான் ஏறுது."

"வாயப் பாரு இவனுக்கு" என்று வினோதா டீ போடப் போனாள்.

டிவியின் பின்விளிம்பைச் சுற்றி நாடாவை ஒட்டிக்கொண்டே வந்தான். டிவிக்கும் சுவருக்கும் நாலு விரல் இடைவெளி. கையை உள்ளே விட்டபோது சுவர் சுட்டது. மேற்கு வெயில் என்று நினைத்தான். அது கிழக்குச் சுவர் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒட்டி முடிக்க ஐந்தரை ஆகிவிட்டது. வினோதா திரைச்சீலைகளை இழுத்துவிட்டாள். சுவிட்சைத் தட்டினான்.

நீலம். குளத்துத் தண்ணீர் மாதிரி சுவர் முழுக்கப் பரவியது. வினோதா கை தட்டினாள்.

அவள் கை தட்டி முடிப்பதற்குள் நீலம் மாறத் தொடங்கியது. அடியில் ஒரு சிவப்பு ஊறி, மேலே மஞ்சள் ஏறி, கண் கூசுகிற ஒரு ஆரஞ்சில் வந்து நின்றது.

"இன்னா இது, அடுப்பு மாரி? நீலத்த வைய்யி."

ரிமோட்டில் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தான். பேட்டரியைக் கழற்றிப் போட்டான். நாடாவின் ஒரு முனையைப் பிய்த்துக் கையில் பிடித்தான். கையில் நீலமாக எரிந்தது. மறுபடி சுவர்ப் பக்கம் கொண்டுபோனால் ஆரஞ்சு.

அந்த நிறம் அவனுக்குத் தெரியும். உலையைச் சாய்த்துக் கொப்பரையில் இரும்பை ஊற்றும்போது வருகிற நிறம். கூடவே வாசனையும் வந்தது. சுட்ட இரும்பு, ஈரத்துணி பொசுங்கும் நாற்றம்.

மணி ஆறு. தினமும் போகிற நேரத்துக்குக் கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. தெருவே அணைந்தது.

சுவர் அணையவில்லை.

"இன்வெர்ட்டர் கீதா மேஸ்திரி?"

"இன்னும் வாங்கல" என்றார் குப்புராஜ்.

சுவரில் ஒரு நிழல் விழுந்திருந்தது. நாலு விரல் இடைவெளியில் எலி நிற்கலாம். ஆள் நிற்க முடியாது. ஆனால் அது ஆள்தான். தலையில் துண்டைக் காதோடு இறுக்கிக் கட்டியிருந்தது, உலையடியில் நிற்பவர்கள் ஈரத்துண்டு கட்டுவதுபோல. வலது கையை முன்னால் நீட்டியிருந்தது. ஷிப்டு முடிந்து, வாங்கின கேட் பாஸைத் திருப்பித் தருகிறவன் நீட்டுவதுபோல.

"சடையப்பா" என்றான் துலுக்காணம். தன்னையறியாமல்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்குள் அது வழக்கம். ஒருவனுக்கு வீட்டில் காரியம் இருந்தால் இன்னொருவன் அவன் பாஸில் உள்ளே போவான். போட்டோ வெளுத்துப்போயிருக்கும்; செக்யூரிட்டி தலையை மட்டும் எண்ணுவான். போன வருஷம் ஆடி மூன்றாம் ஞாயிறு, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று துலுக்காணம் தன் பாஸைக் கூட வேலை செய்த சடையப்பனிடம் கொடுத்தான். அன்று சாயங்காலம் கொப்பரை ஓட்டையாகி, சடையப்பன் நின்ற மேடை சரிந்து, அவன் உருகிய இரும்பில் விழுந்தான். பொறுக்கி எடுக்க எதுவும் மிச்சமில்லை. கேட் நோட்டுப்படி உள்ளே போனவன் துலுக்காணம். துலுக்காணமோ கோயிலில் கூழ் குடித்துக்கொண்டிருந்தான். ஆகவே யாரும் சாகவில்லை. கூட நின்ற மூன்று பீகார்க்காரர்களை அன்றைக்கே ரயிலேற்றிவிட்டார் குப்புராஜ். சடையப்பன் வேலை தேடி ஆந்திரா போய்விட்டான் என்று அவன் பெண்டாட்டி செண்பகத்திடம் சொன்னார். துலுக்காணத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. புதுப் பாஸ் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான்.

"அந்த இரும்ப இன்னா பண்ணீங்க மேஸ்திரி?"

"சும்மா கெட."

"ஆளு வுழுந்த இரும்ப உருக்கக் கூடாது, பொதைக்கணும்னு பெரியவங்க சொல்வாங்களே. இன்னா பண்ணீங்க?"

குப்புராஜ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நிழலுக்குள்ளிருந்து கோடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. தரையிலிருந்து கூரை வரை, நேர்நேராக, விரல் தடிமனில் எட்டுக் கோடுகள். இடையிடையே சதுரமாக வளைத்துக் கட்டிய கம்பி வளையங்கள்.

சுவருக்குள் இருந்த தூணின் கம்பிகள்.

"அத கம்பியா இழுத்து பாதி வெலைக்குக் குடுத்தாங்கடா" என்று முனகினார். "மண்ணுல போட்டா இன்னா லாபம்?"

இருட்டில் வினோதாவின் குரல் கேட்டது. "எந்த சடையப்பன்? மாசாமாசம் வந்து நம்ம வாசல்ல நிக்குதே செண்பகம், அதும் புருஷனா?"

"நீ உள்ள போ."

"செத்துட்டானா அவன்? இந்தச் செவுத்துலயா கீறான்?"

"உள்ள போன்னேன்!"

துலுக்காணம் நாடாவைப் பிய்த்துத் தரையில் எறிந்தான். சுவர் எரிந்துகொண்டுதான் இருந்தது. குப்புராஜ் அவன் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தார். மூச்சு அவன் முகத்தில் அடித்தது.

"இத பாரு. அடுத்த மாசம் ரெண்டு பேர பர்மனெண்ட் பண்றாங்க. ஒரு பேரு உன்து. நீ வாயத் தொறந்தா, உன் பாஸ எவன் கையில குடுத்தேன்னு முதல்ல உன்னதான் கேப்பாங்க. புரியுதா நைனா?"

புரிந்தது. சைக்கிளை மிதித்தபோது தோள் வலி தெரியவில்லை. நேராக ரயில்வே கேட்டுக்கு அப்பால் உள்ள செண்பகத்தின் வீட்டுக்குப் போனான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான்.

வாசலில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு கருவாட்டைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள் அவள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். அவனைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"வாண்ணா. அவரு எதுனா சொல்லி அனுப்ச்சாரா?"

அவன் வாயைத் திறந்தான்.

"கூலி அனுப்பாட்டி பரவால்லண்ணா. எந்த ஊர்ல கீறார்னு மட்டும் சொல்லு. நாயுடுபேட்டயா, கூடூரா? நானே போய் இஸ்துகினு வந்துடுவேன்."

"விசாரிச்சிக்கினு கீறேன்மா" என்றான் துலுக்காணம்.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

குப்புராஜ் அந்தச் சுவருக்கு மூன்று தடவை பெயிண்ட் அடித்துப் பார்த்தார். மர அலமாரி அடித்து மறைத்தார், பின்பலகை கருகிப்போனது. டிவி மாடிக்குப் போய்விட்டது. வினோதா அம்மா வீட்டோடு இருக்கிறாள். கரண்ட் போகிற சாயங்காலங்களில் எட்டுக் கம்பியும் பழுக்கின்றன. நிழலின் கை நீட்டியபடியே இருக்கிறது.

துலுக்காணத்துக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

செத்ததே தெரியாததால் செண்பகம் புருஷனுக்கு ஒரு தெவசம்கூட வைக்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் சூளூர்பேட்டை ரயிலில் ஏறி, ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கித் தேடிவிட்டு வருகிறாள்.

அவளுக்குத் துலுக்காணம் தர வேண்டியது ஒரு தேதி. அவள் புருஷன் செத்த தேதி. இன்னும் தரவில்லை.