மாலக்கிக்குப் பின் யாரும் சாகவில்லை

ஓடையிலிருந்து கல்லறை மேட்டுக்குப் போகும் பனித்தரையில் வெறுங்கால் தடங்கள் இருந்தன. தடத்தோரமாக வழியெங்கும் தண்ணீர் சிந்தி, புகையும் குதிரைச் சாணமும் மணக்கும் காற்றில் உறைந்து கிடந்தது. வர்ஜீனியாவின் அந்தக் குளிரில் முகாமில் யாரும் பூட்ஸைக் கழற்றுவதில்லை. பார்ட்லி தடங்களைக் காலால் அழித்துக்கொண்டே நடந்தான். நேற்றும் அழித்திருந்தான்.

அவனும் மாலக்கியும் அயர்லாந்தின் கால்வே ஊரில் ஒரே தெருவில் பிறந்து, ஒரே கப்பலில் அமெரிக்கா வந்து, அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் ஒரே நாளில் வடக்குப் படையில் சேர்ந்தவர்கள். வயிற்றில் குண்டுபட்ட மாலக்கி தண்ணீர் கேட்டபோது, "தீந்துபோச்சுடா" என்றான் பார்ட்லி. குடுவையில் பாதி இருந்தது. மறுநாள் அதைவிடப் பெரிய பாவம் செய்தான். புதைக்க இரண்டு பிணங்கள். மாலக்கியின் முகத்தில் மண் போட மனம் வராமல், மற்றவனை முதலில் புதைத்துவிட்டான். அவர்கள் ஊர் நம்பிக்கைப்படி, கடைசியாகப் புதைபட்டவன்தான், அடுத்த பிணம் வரும்வரை, அங்கே கிடக்கும் அத்தனை பேருக்கும் வாளியில் தண்ணீர் சுமக்க வேண்டும். ஊரில் இதற்காகவே, யார் முந்திப் புதைப்பது என்று இரண்டு சவ ஊர்வலங்கள் கல்லறை வாசலில் அடித்துக்கொள்ளும். தெரிந்திருந்தும் மறந்துபோனான்.

அதற்குப் பிறகு ஒரு மாதமாக யாரும் சாகவில்லை.

மாலக்கியை விடுவிக்க, புதிதாகப் படைக்கு வந்து காய்ச்சலில் விழுந்த ஃபெஸ்டஸ் ஒருவன்தான் நம்பிக்கை. நம்பிக்கையாம்! பார்ட்லிக்குத் தன்மேலேயே குமட்டியது. ஆனாலும், அவனைப் பார்த்துக்கொள்கிற வேலையை வலியக் கேட்டு வாங்கி, மூன்று நாளாக அவன் உதட்டில் ஒரு சொட்டு விடவில்லை.

கூடாரத்துக்குள் ஈரக் கம்பளி வாடை. கூடவே, தோண்டிய மண்ணின் வாடை. ஃபெஸ்டஸ் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"வாடா பார்ட்லி! பொழச்சிட்டேன்டா. சாகப்போறேன்னு ஃபாதர் பூசின எண்ணெயெல்லாம் வீண்!"

"எப்படிடா?"

"எல்லாம் ஒன் கூட்டாளி புண்ணியம். நீ அந்தாண்ட போனதும் வந்து தண்ணி குடுப்பான். கையெல்லாம் மண்ணு. வாயே தொறக்கமாட்டான், பாவம்."

பார்ட்லி கூடாரத் தரையில் வெறுங்கால் தடங்களைத் தேடினான்.

"இன்னிக்கி எனக்குக் குடுக்கல. ஒனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கான்." ஃபெஸ்டஸ் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தான். "அதோ."

உச்சி வெயில். கூடாரத் துணியில் நிழல். சொட்டும் சத்தம்.

திரும்பினான்.

மாலக்கி. வயிற்று ஓட்டையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முகத்தில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. காலி வாளியை நீட்டினான். பார்ட்லியின் கை, அவன் தடுக்கத் தடுக்க, அதை வாங்கிக்கொண்டது.