மன்னிக்க வேண்டியவள்

சனிக்கிழமை காலையில் என் முதல் வேலை, சபையில் யார் யார் எதை எதை மறந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் படிப்பது. வடுநீக்கு மையத்திலிருந்து அது என் மேசைத்திரைக்கு வரும். என் கட்டைவிரலுக்கு மட்டுமே திறக்கும். மறுநாள் பிரசங்கத்தில் தப்பித்தவறிக்கூட யாருடைய மறதியையும் நான் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மேலத்தெரு டீச்சரம்மாவுக்கு முதல் கணவர் இருந்ததே ஞாபகமில்லை, ஆகவே மறுமணம் பற்றிப் பேச முடியாது. தனராஜுக்குத் தம்பி அரிவாளோடு துரத்திய நாள் ஞாபகமில்லை, ஆகவே சகோதரச் சண்டை பற்றிப் பேச முடியாது. இப்படியே போனால் பிரசங்கத்துக்கு மழையும் வெயிலும்தான் மிஞ்சும் என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் சிரிப்பாள். எங்கள் சீயோன்விளை சபையில் இன்னும் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிற சிலரில் அவளும் ஒருத்தி.

வடுநீக்கம் அரசாங்கச் செலவில் நடப்பது. போய்ப் படுத்தால் ஒரு மணி நேரம். அந்த நாள், அந்த முகம், அந்தப் பெயர் மூன்றையும் எடுத்துவிட்டு, விட்ட இடத்தில் பொருத்தமான ஒரு சின்னக் கதையை வைத்துத் தைத்துவிடுவார்கள். படுத்தவருக்குத் தன்னிடமிருந்து எதையோ எடுத்திருக்கிறார்கள் என்று தெரியும், எதை என்று தெரியாது. அந்தப் பெயரைக் காதில் கேட்டாலே தையல் பிரிந்து எல்லாம் திரும்பிவிடும், ஆகவே அதை அவருக்கு ஞாபகப்படுத்துவது குற்றம். நினைவூட்டல் குற்றத்துக்கு மூன்று வருஷம் சிறை. பகை ஒரு நோய், அதற்கு இது மருந்து என்று சட்டம் கொண்டுவந்தபோது சொன்னார்கள். நானும் அதைக் கைதட்டி வரவேற்றவன்தான். இரண்டாயிரம் வருஷமாகப் பிரசங்கம் செய்து முடியாததை ஒரு மணி நேரத்தில் முடிக்கிறார்கள் என்றால் ஒரு போதகனுக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் சபைக்கு மட்டும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒருவருக்குத் தீங்கு செய்தவர், அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குத் தானாக வர முடியாது. ஆலயத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். தீங்கை அனுபவித்தவர் வந்து, அவர் கையைப் பிடித்து, மேற்கு வாசல் வழியாக உள்ளே அழைத்து வர வேண்டும். கை கிடைக்காதவர் வெளியே நிற்பார். கை கொடுக்க மனம் வராதவரும் அன்று அப்பம் வாங்க மாட்டார். இருபது வருஷம் மரத்தடியில் நின்றவர்கள்கூட உண்டு. மையம் வந்த பிறகு மரத்தடி வெறிச்சோடிப் போயிற்று.

உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை ரூபன் என்னைத் தேடி வந்தான். ஐந்து வருஷச் சிறைவாசம் முடிந்து அன்றுதான் பஸ் இறங்கியிருந்தான். முப்பது வயதுக்காரன் நாற்பது வயதுக்காரனைப் போல இருந்தான். அசனப் பண்டிகை அன்று ஊரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தானோடி வண்டியைக் கையோட்டத்துக்கு மாற்றி, நண்பர்களுக்கு வேடிக்கை காட்டப்போய், கெசியாவின் மகன் ஏனோஸை மோதியவன் அவன். ஏனோஸுக்கு அப்போது ஒன்பது வயது. வண்டி தானாக ஓடியிருந்தால் இயந்திரத்தின் மேல் பழியைப் போடலாம். இவன் தன் கையால் ஓட்டினான். அதை மறைக்காமல் போலீஸில் ஒப்புக்கொண்டான்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கெசியாக்காவ ஒருதடவ பாக்கணும் ஐயா. அவிய ஏசட்டும், செருப்பால அடிக்கட்டும். அடிச்சிட்டு என்னைக்காவது ஒருநாள் கையப் பிடிப்பாவன்னு நெனச்சுத்தான் அஞ்சு வருசத்தையும் ஓட்டினேன்."

சொல்லித்தான் ஆக வேண்டும். கெசியா இந்தப் பண்டிகைக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் மையத்துக்குப் போய் வந்துவிட்டாள், அவனை அவளுக்குத் தெரியாது என்றேன். ஏனோஸ் இறந்தது அவளுக்குத் தெரியும். ஆனால் தானோடியில் ஏதோ கோளாறு என்றுதான் தைத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த தெருவில் ரூபன் என்று ஒருவன் பிறந்து வளர்ந்ததே அவளுக்கு இல்லை.

அவனுக்கு அது விளங்க நேரமாயிற்று. விளங்கியபோது முகம் வெளுத்துப்போனது.

"அப்ப என்னை யாரு மன்னிக்கது?"

கடவுள் இருக்கிறார் என்றேன். நாற்பது வருஷமாக வாயில் தயாராக இருக்கிற பதில் அது.

"கடவுள்ட்ட அன்னைக்கே கேட்டாச்சு ஐயா. அவரு மன்னிச்சிருப்பாரு. ஆனா பிள்ளையப் பெத்தது கெசியாக்கா."

பிறகு அவன், அக்கா தன்னைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொன்னாளா என்று கேட்டான். பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. அவனுக்கு ஞாபகப்படுத்துவது குற்றமும் இல்லை.

கெசியா மையத்துக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு என்னிடம் வந்து அழுதாள். இரண்டு தடவை சிறைச்சாலை வரை பஸ்ஸில் போயிருக்கிறாள். முதல் தடவை ஸ்டாப்பிலேயே இறங்காமல் திரும்பிவிட்டாள். இரண்டாவது தடவை வாசல் வரைக்கும் போய், பார்வையாளர் பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டாள். "இன்னொரு தடவ போனா உள்ள போயிருவேனோ என்னவோ, தெரியல ஐயரய்யா. ஆனா வீட்டுக்கு வந்ததும் திரும்ப அவனக் கொல்லணும்போல வருது. ரெண்டுக்கும் நடுவுல கிடந்து சாகுதேன். நான் என்ன செய்ய?" என்று கேட்டாள். ஐந்து வருஷமாக அவள் அப்பம் வாங்கவில்லை.

பொறுத்திரு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் தடவை நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மையத்துக்குப் போ என்றேன். ஆண்டவரே நம் பாவங்களை நினைவில் வைப்பதில்லை, நாம் மட்டும் ஏன் வைத்துக்கொண்டு சாக வேண்டும் என்று அழகாகப் பேசினேன். அவள் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னேன் என்று அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. வாரந்தோறும் அவள் வந்து அழுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இதையெல்லாம்தான் ரூபனிடம் சொன்னேன்.

"மூணாவது தடவ வந்திருப்பாவளா ஐயா?"

"தெரியாது ரூபன்."

"பின்ன ஏன் அனுப்பினிய?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு வெளியே போனான்.

மறுநாள் ஆராதனைக்கு மணி அடித்தபோது அவன் வேப்பமரத்தடியில் நின்றான். வெகுநாளைக்குப் பிறகு அங்கே ஓர் ஆள். ஆலயத்துக்குள் போன எல்லோரும் பார்த்தார்கள், எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க முடியாது. சிலர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார்கள். யாருக்காக நிற்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. வருவதற்கு ஆள் இல்லை என்று தெரிந்தும், வேறு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான் என்றே இப்போது நினைக்கிறேன்.

கெசியா வந்தாள். ஒரு மாதமாக அவள் உடம்பு தேறியிருந்தது, தலையில் பூ வைத்திருந்தாள். வாசற்படியில் ஏறப் போனவள் மரத்தடியைப் பார்த்தாள். தனியாக நிற்கிறானே, கை கொடுக்க ஒருத்தரும் வரவில்லையே என்று பாவமாக இருந்ததாம், யார் கை கொடுக்க வேண்டும் என்ற வழக்கத்தையெல்லாம் யோசிக்கவில்லையாம், பிறகு என்னிடம் சொன்னாள். நேராக அவனிடம் போனாள். மேற்கு வாசலில் நின்ற எனக்கு அவள் குரல் கேட்டது.

"எந்த ஊரு தம்பி?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவளே அவன் கையைப் பிடித்தாள். பிள்ளையை ரோட்டைக் கடத்துகிற மாதிரி, விடாமல் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே அழைத்து வந்தாள். சபை முழுவதும் எழுந்து நின்றது. பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஏன் எழுந்தோம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. ஐந்து வருஷமாக இந்த ஊர் காத்திருந்த காட்சி எங்கள் கண்முன்னே நடந்தது, நடத்தியவளுக்கு மட்டும் அது தெரியவில்லை. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திருவிருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டார்கள். நான் அப்பத் தட்டோடு வரிசையாக வந்தேன். ரூபனுக்கு முன்னால் வந்தபோது அவன் கையை நீட்டவில்லை. ஏந்த வேண்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவிய பிடிச்சது என் கைய இல்ல ஐயா" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

எழுந்து, நடுவழியாக நடந்து, வெளியே போய்விட்டான். கெசியா ஏந்திய கைகளோடு காத்திருந்தாள். அவளுக்கு அப்பம் கொடுத்தேன். கண்ணை மூடி, நிம்மதியாக வாங்கிக்கொண்டாள்.

அன்று மத்தியான பஸ்ஸிலேயே ரூபன் போய்விட்டதாக ஆலயத்து மணி அடிக்கிற கோயில்பிள்ளை வந்து சொன்னார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. விசாரிக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு கெசியா மட்டும் என்னிடம் வந்தாள்.

"மரத்தடியில நின்னாலும் அந்தத் தம்பிக்குத்தான் யாரோ பெரிய அநியாயம் பண்ணிருக்காவ ஐயரய்யா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அப்பங்கூட வாங்காம எந்திச்சுப் போயிட்டாரு. பேசாம மையத்துக்குப் போகச் சொல்லுங்க. எனக்கு என்னத்த எடுத்தாவன்னே தெரியல, இப்ப நல்லாத் தூங்குதேன்லா?"

சரிம்மா என்றேன்.

"அவரு பேரு என்ன? ராத்திரி ஜெபத்துல வச்சுக்கிடுதேன்."

வாய்வரை வந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் எனக்கு மூன்று வருஷம், அது பெரிதல்ல. அவளுக்குப் பழைய ஐந்து வருஷமும் ஒரே நொடியில் திரும்பி வரும். அதோடு மூன்றாம் தடவை போகிற வழியும் வருமா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் ஒருமுறை அவள் வாழ்வில் கைவைத்தவன் நான். இரண்டாம் முறை வைக்கப் பயந்தேன்.

"எலியாசர்" என்றேன்.

இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் அந்த ஜெபத்தை விடவில்லை. எலியாசர் எப்படி இருக்கிறார், ஏதாவது தகவல் உண்டா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். அந்தப் பெயரில் எங்கள் ஊரில் யாரும் இல்லை.